தேடிப் பார்க்கிற டெஸ்டிங்: யார் சொல்வதைக் கேட்பது, அக்கா?

அன்னூரில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சத்தி ரோட்டில் தினமும் பஸ் பிடித்து கோவை சரவணம்பட்டிக்கு வேலைக்கு வருகிறவர், மூன்று வருடமாக டெஸ்டர், அதாவது சாஃப்ட்வேரைச் சோதித்துக் குறை கண்டுபிடிக்கிறவர். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு, நூல் வாங்குவதில் இருந்து பெட்டி கட்டி அனுப்புவது வரை கணக்கு வைக்கிற சாஃப்ட்வேரை அவர் கம்பெனி செய்கிறது. கடிதம் நீளம், அதனால் சுருக்கித் தருகிறேன்:

“அக்கா, எங்கள் டீம் லீட் எக்ஸலில் ஸ்டெப் நம்பரோடு எழுதி, பாஸ், ஃபெயில் போட்டதைத்தான் டெஸ்டிங் என்று ஒத்துக்கொள்வார். மற்றதெல்லாம் ‘சும்மா தட்டிப் பார்க்கிறது’ என்பார். போன மாதம் பெங்களூரில் இருந்து வந்த புது மேனேஜர், அப்படி எழுதுகிற டெஸ்ட் கேஸைக் குறையுங்கள், எக்ஸ்ப்ளோரேட்டரி டெஸ்டிங், அதாவது தேடிப் பார்க்கிற டெஸ்டிங் செய்யுங்கள், சார்ட்டர் எழுதி 90 நிமிட செஷன் போடுங்கள் என்கிறார். ஐஎஸ்டிக்யூபி என்கிற டெஸ்டர் சான்றிதழ் பரீட்சைக்குப் படிக்கிற நண்பன், சாஃப்ட்வேர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருகிற ஸ்பெக் சரியில்லாதபோதும் நேரம் இல்லாதபோதும் செய்வதுதான் அது என்கிறான். ஒரு வீடியோவில், டெஸ்டிங் எல்லாமே எக்ஸ்ப்ளோரேட்டரிதான், அந்த வார்த்தையே தேவையில்லை என்றார்கள். நான் மதியத்துக்கு மேல் சாஃப்ட்வேரைத் திறந்து வைத்துக்கொண்டு என் போக்கில் தேடுவேன், பெரிய பக் (பிழை) எல்லாம் அப்படித்தான் கிடைத்திருக்கிறது. ஆனால் அப்ரைசலில் எத்தனை டெஸ்ட் கேஸ் ஓட்டினாய் என்று கேட்டபோது என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. நான் செய்வது சரியா? இவர்களில் யார் சொல்வது சரி?”

தம்பி, நீங்கள் செய்வது சரியா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மனதில் உறுத்துவது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நீங்கள் செய்வது பாதி எக்ஸ்ப்ளோரேட்டரி டெஸ்டிங். தேடுகிற பாதி உங்களிடம் நன்றாகவே இருக்கிறது. எதைத் தேடினேன், எங்கே தேடவில்லை, ஏன் என்று கணக்குச் சொல்கிற பாதி இல்லை. அந்த இரண்டாவது பாதி இல்லாததால்தான் உங்கள் லீட் அதைத் தட்டிப் பார்ப்பது என்கிறார், அப்ரைசலிலும் கையை விரிக்க வேண்டியதாயிற்று.

இனி, யார் சொல்வது சரி என்பதற்கு வருவோம். நீங்கள் கேட்ட நான்கு பேரும் நாற்பது வருடமாக நடக்கிற ஒரே வாக்குவாதத்தின் வேறு வேறு இடங்களில் நின்று பேசுகிறார்கள். அந்த வாக்குவாதம் எங்கே தொடங்கியது என்று தெரிந்தால் யாரிடம் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

எக்ஸ்ப்ளோரேட்டரி டெஸ்டிங் என்ற பெயரை 1984 வாக்கில் வைத்தவர் செம் கேனர். அமெரிக்காவில் சிலிக்கான் வேலியில் வேலை பார்த்தவர், உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், பின்னாளில் வக்கீலுக்கும் படித்தார். 1988-ல் வந்த அவருடைய டெஸ்டிங் புத்தகத்தில் இந்தச் சொல் அச்சில் ஏறியது. அதற்கு முன்னாலும் எல்லோரும் இதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள், ‘அட்ஹாக்’ என்று சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே கவனமில்லாமல் செய்த வேலை என்ற எண்ணம்தான் வரும். கேனர் பார்த்த நல்ல டெஸ்டர்கள் அப்படிச் செய்யவில்லை, ஒரு டெஸ்டில் கண்டதை வைத்து அடுத்த டெஸ்டை அந்த இடத்திலேயே யோசித்தார்கள். அது ஒரு திறமை, அதற்குத் தனிப் பெயர் வேண்டும் என்றுதான் அவர் வைத்தார். உங்கள் லீட் இன்றைக்குச் சொல்கிற குறையும் அப்போது சொல்லப்பட்ட அதே குறைதான்.

பிறகு ஜேம்ஸ் பாக் என்பவர் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: கற்றுக்கொள்வது, டெஸ்டை வடிவமைப்பது, ஓட்டிப் பார்ப்பது, மூன்றும் ஒரே நேரத்தில். நேர்முகத் தேர்வில் எல்லோரும் ஒப்பிக்கிற வரி இது. கேனர் 2006-ல் இதை இன்னும் நீளமாக எழுதினார், அதில் டெஸ்டருடைய சுதந்திரத்தையும் பொறுப்பையும் சேர்த்தே சொன்னார். நம் ஆட்கள் சுதந்திரம் என்பதைப் படித்துவிட்டுப் பொறுப்பு என்கிற இடத்துக்கு வருமுன் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்து என்ன டெஸ்ட் செய்வது என்று முடிவு பண்ணுகிற உரிமை உங்களிடம் இருக்கிறது என்றால், அந்த முடிவுக்கு நீங்கள்தான் ஜவாப்தாரி.

உங்கள் மேனேஜர் சொல்கிற 90 நிமிட செஷன் இந்தப் பொறுப்புப் பிரச்சினைக்கு வந்த பதில். ஜேம்ஸ் பாக்கும் அவர் தம்பி ஜோனதன் பாக்கும் ஹெச்.பி. கம்பெனிக்கு வேலை செய்தபோது, 2000-த்தில், இந்த முறையை வெளியில் எழுதினார்கள். தேடுவதும் வேண்டும், மேலே இருப்பவருக்குக் கணக்கும் காட்ட வேண்டும், இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் அவர்களுக்கு இருந்த சிக்கல். அதனால் நேரத்தைத் துண்டு போட்டார்கள். ஒரு துண்டுக்கு ஒரு நோக்கம், அதுதான் சார்ட்டர். நடுவில் போன், மீட்டிங் எதுவும் கூடாது. முடிந்ததும் ஒரு தாளில் நோட்ஸ், பக் விவரம், அப்புறம் டெஸ்ட் செய்ய எவ்வளவு நேரம் போனது, பக்கைத் துருவ எவ்வளவு, செட்டப்புக்கு எவ்வளவு என்ற பிரிப்பு. கடைசியாக லீடோடு உட்கார்ந்து நேருக்கு நேர் பேசுவது. இந்தக் கடைசிப் பேச்சு போய்விட்டால் மற்றதெல்லாம் இன்னொரு ஃபாரம் நிரப்புகிற வேலையாகிவிடும், அதை நான் இரண்டு கம்பெனியில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நண்பர் படிக்கிற ஐஎஸ்டிக்யூபி பாடத்திட்டத்தில் எக்ஸ்ப்ளோரேட்டரி என்பது அனுபவத்தை வைத்துச் செய்கிற உத்திகளில் ஒன்று. பிழை எங்கே இருக்கும் என்று ஊகிப்பது, செக்லிஸ்ட் வைத்துப் பார்ப்பது, இவற்றோடு ஒன்றாக அதையும் வைத்திருக்கிறார்கள். ஸ்பெக் போதாதபோதும் நேரம் நெருக்கும்போதும் பயன்படும் என்று அதில் இருப்பது உண்மை. மற்ற முறையான உத்திகளுக்குத் துணையாகவும் பயன்படும் என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது, அதை நண்பர் விட்டுவிட்டார். ஆனால் கேனர், பாக் வழியில் வந்தவர்கள் இதை உத்தி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எல்லை மதிப்பைச் சோதிப்பது, அதாவது ஒரு எல்லைக்கு ஒன்று கூட, ஒன்று குறைய வைத்துப் பார்ப்பது, ஒரு உத்தி. அந்த உத்தியை எழுதி வைத்தும் செய்யலாம், தேடிக்கொண்டே போகும்போதும் செய்யலாம், ஆகவே எக்ஸ்ப்ளோரேட்டரி என்பது வேலை செய்கிற விதம் என்பார்கள். இந்த இடத்தில் நான் அவர்கள் பக்கம்தான். பரீட்சையில் மட்டும் பாடத்திட்டத்தில் இருக்கிறபடியே எழுதச் சொல்லுங்கள், மார்க் போய்விடும்.

வீடியோவில் கேட்டது எங்கிருந்து வருகிறது என்றால், 2009-ல் மைக்கேல் போல்டன் என்பவர் ‘செக்கிங்’ வேறு, ‘டெஸ்டிங்’ வேறு என்று எழுதினார். விடை முன்கூட்டியே தெரிந்து, மெஷினே ஆம், இல்லை என்று சொல்லிவிடக் கூடியது செக்கிங். மனிதர் யோசித்து, கேள்வி கேட்டு, கற்றுக்கொண்டு செய்வது டெஸ்டிங். 2013-ல் அவரும் ஜேம்ஸ் பாக்கும் சேர்ந்து இதைத் திருத்தி எழுதினார்கள். 2015-ல், அப்படிப் பார்த்தால் டெஸ்டிங் எல்லாமே எக்ஸ்ப்ளோரேட்டரிதானே, டெஸ்ட் கேஸ் எழுதுகிறவர்கூட எழுதுகிற நேரத்தில் தேடிக்கொண்டுதானே இருக்கிறார், பிறகு எதற்குத் தனிப் பெயர் என்ற இடத்துக்கு வந்தார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் அப்ரைசல் அறைக்குள் போய் ‘எல்லாமே எக்ஸ்ப்ளோரேட்டரிதான் சார்’ என்று சொன்னால் உங்கள் நிலைமை இன்னும் மோசமாகும். அந்தப் பெயரைக் கொஞ்ச நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த செக்கிங், டெஸ்டிங் பிரிவினையைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நான் திருப்பூர்க்காரி, வீட்டில் இரண்டு பேர் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் வருடக்கணக்காக நின்றவர்கள். செக்கிங் என்றால் யோசிக்காமல் செய்கிற வேலை என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். போல்டன் அந்தச் சொல்லை ஒரு வரையறையாக வைத்துக்கொண்டார், எங்கள் ஊர் ஆட்களை வைத்துச் சொல்லவில்லை, அது தெரியும். இருந்தாலும் அந்த டேபிளில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

ஆர்டர் கிளம்புகிற நேரத்தில் பையர் தரப்பில் இருந்து ஏக்யூஎல் (ஏற்றுக்கொள்ளக்கூடிய குறை அளவு) 2.5 என்று சொல்லி இன்ஸ்பெக்ஷன் வைப்பார்கள். அதற்கு ஒரு அட்டவணை இருக்கிறது. 1,201-ல் இருந்து 3,200 பீஸ் வரை உள்ள லாட் என்றால், வழக்கமான இரண்டாம் நிலை இன்ஸ்பெக்ஷனில் 125 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும், 7 வரை குறை இருந்தால் பாஸ், 8 ஆனால் ஃபெயில். இதில் யாருடைய அபிப்பிராயத்துக்கும் இடம் இல்லை, இருக்கவும் கூடாது, ஏனென்றால் பணம் கொடுக்கிறவரும் சரக்கு அனுப்புகிறவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட கணக்கு அது. உங்கள் லீட் கேட்கிற டெஸ்ட் கேஸ் இந்த ஜாதி. அது வேண்டும்.

அதற்கு முன்னால், லைனில் இருந்து வருகிற பீஸைப் பார்க்கிற அம்மாவின் வேலை இன்னொரு மாதிரி. பாடி துணியில் நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது, நீடில் லைன். அந்த பீஸை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தால் அவருடைய வேலை முடிந்தது. அனுபவம் உள்ளவர் அப்படிச் செய்ய மாட்டார். அதே பண்டலில் மேலும் நான்கைந்தை உருவி வெளிச்சத்தில் பிடிப்பார். கோடு எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வருகிறதா என்று பார்ப்பார். வந்தால், இது தையலில் வந்ததல்ல, நிட்டிங் மெஷினில் ஊசி போயிருக்கிறது, அந்த ரோலில் வெட்டியது எல்லாவற்றிலும் இருக்கும் என்று தெரிந்துகொண்டு கட்டிங் மாஸ்டருக்கு ஆள் அனுப்புவார். யாரும் அவருக்கு ஸ்டெப் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு பீஸில் கண்டது அடுத்து எதை எடுக்க வேண்டும் என்று அவருக்குச் சொன்னது. எக்ஸ்ப்ளோரேட்டரி டெஸ்டிங் என்று எந்தப் புத்தகத்தில் எதை எழுதினாலும் அதன் உள்ளே இருக்கிற விஷயம் இதுதான்: கடைசியாகக் கண்டதைப் பார்த்தவர் கையிலேயே அடுத்த முடிவு இருப்பது. அந்த அம்மாவும் ஏக்யூஎல் அட்டவணையும் ஒரே கம்பெனியில் ஒரே லாட்டுக்கு வேலை செய்கிறார்கள், ஒன்று வந்ததால் மற்றதை யாரும் நிறுத்தவில்லை.

எழுதி வைத்ததை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கம்பெனியில் சம்பள சாஃப்ட்வேர் டெஸ்ட் செய்தோம், பெயர் வேண்டாம். பீஸ் ரேட் கணக்கு, சனிக்கிழமை வாரச் சம்பளம். எழுதியிருந்த டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ், ஒன்றுகூட விடவில்லை, யாரும் பொய்யும் சொல்லவில்லை. எல்லா டெஸ்ட் கேஸிலும் ஒரு தொழிலாளி ஒரு லைனில்தான் இருந்தார். நிஜத்தில் ஓவர்லாக் ஓட்டுகிறவரை வாரத்தின் நடுவில் வேறு லைனுக்கு மாற்றுவது சாதாரணம். மாறினவர்களுக்கு இரண்டாவது லைன் கணக்கு மட்டும் வந்து, முதல் மூன்று நாள் காணாமல் போனது. அந்த சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் பெண்கள் டிபன் டப்பாவோடு கேட் பக்கத்தில் நின்றார்கள், அக்கவுன்டன்ட் கையால் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்த ஸ்கிரீனில் எனக்கு ஒரு மணி நேரம் சும்மா கொடுத்திருந்தால், திருப்பூரில் வளர்ந்தவள், ஆள் மாறினால் என்ன ஆகும் என்று கேட்காமல் இருந்திருக்க மாட்டேன். அப்படிக் கேட்க அந்த எக்ஸலில் ஒரு கட்டம்கூட இல்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

சரி, இரண்டு தரப்பையும் ஒப்பிட்டு யாராவது அளந்து பார்த்தார்களா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறார்கள். பின்லாந்தில் யூஹா இட்கோனென் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 79 மாணவர்களை வைத்து இரண்டு விதமாகவும் டெஸ்ட் செய்யச் சொன்னார்கள். கண்டுபிடித்த குறைகளின் எண்ணிக்கையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. டெஸ்ட் கேஸ் வைத்துச் செய்தபோது தப்பான ரிப்போர்ட் கூடுதலாக வந்தது, டெஸ்ட் கேஸ் எழுதிய நேரம் தனி. மாணவர்களை வைத்துச் செய்தது என்பதால் இதை ரொம்பத் தூரம் இழுக்கக் கூடாது. ஆனால் உங்கள் லீட் ‘எழுதினால்தான் கிடைக்கும்’ என்று சொன்னால் அதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் மேனேஜர் ‘எக்ஸ்ப்ளோரேட்டரியில்தான் நிறையக் கிடைக்கும்’ என்று சொன்னால் அதையும் இந்த ஆய்வு சொல்லவில்லை.

இந்தச் சண்டையில் இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2003-ல் பிரெட் பெட்டிகார்ட் என்பவர் டெஸ்டிங் உலகத்தை நான்கு சிந்தனைப் பள்ளிகளாகப் பிரித்தார், பிற்பாடு சிறு சிறு துண்டாக சாஃப்ட்வேர் செய்கிற அஜைல் முறைக்காரர்களைச் சேர்த்து ஐந்தாக்கினார். அதில் ‘ஃபேக்டரி’ என்று ஒரு பள்ளி, உங்கள் லீட் மாதிரி ஆட்களுக்கு. பெட்டிகார்ட் கேனரோடும் பாக்கோடும் சேர்ந்து புத்தகம் எழுதியவர், அதாவது பிரித்தவர் ஒரு பள்ளியைச் சேர்ந்தவர். ஃபேக்டரி என்று பெயர் வைக்கப்பட்டவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கவில்லை. அந்தச் சூடு பிறகும் ஆறவில்லை. 2013-ல் ஐஎஸ்ஓ 29119 என்று டெஸ்டிங்குக்கு சர்வதேச தர நிர்ணயத்தின் முதல் பாகங்கள் வந்தன, அடுத்த வருடமே அதை எதிர்த்த டெஸ்டர்கள் நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். உங்கள் ஆபீஸில் இந்தப் பள்ளிப் பெயர்களை வாயில் எடுக்காதீர்கள். அந்த லீட் ஏன் எக்ஸல் கேட்கிறார் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? என் ஊகம், எப்போதோ ஒரு கிளையன்ட் ‘இதை டெஸ்ட் பண்ணினீர்களா இல்லையா’ என்று மேஜையில் கை வைத்துக் கேட்டபோது, அவரிடம் காட்ட ஒரு தாள் இல்லாமல் நின்றிருப்பார். உங்களுக்கு அப்ரைசலில் நடந்தது போலத்தான்.

இன்னும் இரண்டு பேரை மட்டும் சொல்லிவிட்டு உங்கள் வேலைக்கு வருகிறேன். மைக்ரோசாஃப்ட், கூகுள் இரண்டிலும் இருந்த ஜேம்ஸ் விட்டேக்கர் 2009-ல் ‘டூர்’ என்று ஒரு வழி சொன்னார், சுற்றுலாப் பயணி ஊரைப் பார்க்கிற மாதிரி சாஃப்ட்வேரை ஒவ்வொரு கோணத்தில் சுற்றி வருவது. அதில் ஃபெடெக்ஸ் டூர் என்று ஒன்று, ஒரு பார்சலைப் பின்தொடர்வது போல ஒரு தகவல் உள்ளே நுழைந்ததில் இருந்து எங்கெல்லாம் போகிறது என்று கூடவே போவது. பனியன் கம்பெனி சாஃப்ட்வேருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஒரு லாட்டை எடுத்துக்கொண்டு நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங் என்று கடைசி வரை விடாமல் போங்கள், ஒவ்வொரு ஸ்கிரீனிலும் அதே எடை, அதே கலர், அதே பீஸ் கணக்கு நிற்கிறதா என்று. ஒரே ஸ்கிரீனைத் துருவித் துருவிப் பார்க்கிறவருக்கு இரண்டு ஸ்கிரீனுக்கு நடுவில் தொலைகிற கிலோ தெரியாது.

அடுத்தவர் எலிசபெத் ஹென்ட்ரிக்சன், 2013-ல் எழுதியவர். சோதித்தாயிற்று என்று சொல்ல வேண்டுமானால் செக் பண்ணியும் இருக்க வேண்டும், தேடியும் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி, என் கட்சியும் அதுதான். சார்ட்டர் எழுத அவர் சொன்ன வடிவத்தை நான் இன்றும் பயன்படுத்துகிறேன்: எதைத் தேடப் போகிறேன், எதை வைத்துக்கொண்டு, என்ன தெரிந்துகொள்ள. மூன்று துண்டு, ஒரே வாக்கியம்.

இப்போது உங்கள் சாஃப்ட்வேர். சாயப்பட்டறைக்குத் துணி அனுப்புகிற டிசி (டெலிவரி சலான்) ஸ்கிரீனை எடுத்துக்கொள்வோம். டெஸ்ட் கேஸ் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன்: 500 கிலோ அனுப்பு, 465 கிலோ வாங்கு, புராசஸ் லாஸ், அதாவது சாயம் போடுவதில் குறைகிற எடை, 7 சதவீதம் காட்டுகிறதா, பாஸ். நல்ல டெஸ்ட்தான், அதை ஆட்டோமேஷனில் போட்டுவிடுங்கள், ஒவ்வொரு ரிலீஸுக்கும் அதுவே ஓடட்டும். சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில் மாதிரி சட்டத்தில் எழுதியிருப்பதும் அப்படியே. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டினால், வெளி மாநிலம் என்றால் 50,000-ஐத் தாண்டினால் என்று எல்லை இருக்கிறது, எல்லையில் சரியாக ஒரு ரூபாய் கூட, ஒரு ரூபாய் குறைய என்று எழுதி வைத்து மெஷினிடம் விடுங்கள். இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் கையால் தட்டிக்கொண்டு உட்காருவது உங்கள் நேரத்துக்கு அநியாயம்.

அப்புறம் சார்ட்டர் எழுதுங்கள்: ‘சாயத்தில் இருந்து துணி திரும்பி வருவதை, நிஜ டிசி புத்தகத்தின் பத்து பக்கத்தை வைத்துக்கொண்டு தேடப் போகிறேன், லாஸ் கணக்கு எங்கே உடைகிறது என்று தெரிந்துகொள்ள.’ டிசி புத்தகத்தை கிளையன்டிடம் கேட்டு வாங்குங்கள், அதன் ஓரத்தில் பேனாவில் கிறுக்கியிருப்பதெல்லாம் உங்களுக்குத் தங்கம். துணி ஒரே தடவையில் வருவதே இல்லை என்று முதல் பக்கத்திலேயே தெரியும். 200 கிலோ முதல் வண்டியில், 265 அடுத்த வண்டியில். முதல் வண்டி என்ட்ரி போட்டதும் சாஃப்ட்வேர் என்ன சொல்கிறது? 60 சதவீதம் லாஸ் என்று சிவப்பில் காட்டினால், அதைப் பார்த்த ஸ்டோர்காரர் என்ன செய்வார்? லாட்டை மூடிவிட்டால் இரண்டாவது வண்டியை எதில் சேர்ப்பது? இரண்டாவது வண்டியை முதலில் போட்டால்? ஷேடு சரியில்லை என்று 40 கிலோ மறுபடி சாயத்துக்குப் போனால், அதன் லாஸை முதல் லாஸோடு சேர்க்கிறதா, தனியாக வைக்கிறதா, சாயக் கூலி இரண்டு தடவை வருகிறதா? ஈரம் போகாமல் எடை கூடி வந்தால் மைனஸ் லாஸை ஒத்துக்கொள்கிறதா, இல்லை என்ட்ரியையே போடவிடாமல் நிறுத்துகிறதா? ஒவ்வொரு கேள்வியும் முந்தின பதிலில் இருந்து வருவதைப் பாருங்கள். இந்த வரிசையை முன்கூட்டியே உட்கார்ந்து எழுதியிருக்க முடியாது.

எதிர்பார்த்த விடை எழுதாமல் இது பக் என்று எப்படிச் சொல்வாய் என்று லீட் கேட்பார், நியாயமான கேள்வி. எதோடு ஒத்துப்போக வேண்டுமோ அதோடு ஒத்துப் பாருங்கள்: போன வெர்ஷனில் எப்படி இருந்தது, டெமோவில் நம் ஆள் என்ன சொல்லி விற்றார், டிசி புத்தகத்தில் கையால் போட்ட கணக்கு என்ன, சாயப்பட்டறை பில்லில் என்ன இருக்கிறது, அதே சாஃப்ட்வேரின் இன்னொரு ஸ்கிரீன் அதே லாட்டுக்கு என்ன எடை காட்டுகிறது. இதில் எதோடு முட்டுகிறதோ அதைக் குறிப்பிட்டு பக் எழுதினால் டெவலப்பர் ‘அது அப்படித்தான்’ என்று தட்டிவிட முடியாது.

நோட்ஸ் தேடும்போதே எழுத வேண்டும், முடிந்த பிறகு ஞாபகத்தில் இருந்து எழுதினால் பாதி போய்விடும். நேரம் போட்டு ஒரு வரி, ஒரு வரி. ‘2.10, இரண்டு வண்டி, முதலில் 60 சதவீதம், லாட் மூடவில்லை, ஆனால் ரிப்போர்ட்டில் மூடியது என்று வருகிறது, பக்.’ ‘2.25, ரீ-டையிங் பார்க்க ஆரம்பித்தேன், கூலி ஸ்கிரீனுக்கு எனக்கு அனுமதி இல்லை, 20 நிமிடம் போச்சு.’ இந்த இரண்டாவது மாதிரி வரிகளை விடாதீர்கள், உங்கள் நேரம் எங்கே போகிறது என்று அதில்தான் தெரியும். கடைசியில் பார்க்காமல் விட்டதைக் கட்டாயம் எழுதுங்கள். 90 நிமிடம் என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் ஆபீஸில் தொந்தரவில்லாமல் 45 நிமிடம்தான் கிடைக்கும் என்றால் அதில் ஆரம்பியுங்கள்.

அதை முடித்துக்கொண்டு நேராக லீடிடம் போங்கள், மேனேஜரிடம் அல்ல. பேக்கரியில் டீ குடிக்கிற நேரம் போதும், பத்து, பதினைந்து நிமிடம். என்ன பார்த்தேன், என்ன கிடைத்தது, எது தடுத்தது, இன்னும் எது பாக்கி, அந்த ஸ்கிரீனை அப்படியே அனுப்பினால் உங்களுக்கு நிம்மதியாகத் தூக்கம் வருமா வராதா, இதைச் சொல்லுங்கள். அவர் மூத்தவர், உங்களுக்குத் தோன்றாத கேள்வி குறைந்தது இரண்டு கேட்பார், அதை அடுத்த சார்ட்டராக எழுதி, அவர் சொன்னது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கிடைத்த பக்கில் திரும்பத் திரும்ப வரக்கூடியது எதுவோ அதை டெஸ்ட் கேஸாக எழுதி அவர் எக்ஸலிலேயே சேர்த்துவிடுங்கள். அவருடைய எக்ஸல் உங்களால் வளருகிறது என்று தெரிந்தால் அவர் உங்கள் செஷனுக்குக் குறுக்கே நிற்க மாட்டார் என்று நம்புகிறேன்.

அடுத்த அப்ரைசலுக்கு இந்தத் தாள்களைத் தேதி வாரியாகக் கோர்த்து எடுத்துப் போங்கள். எத்தனை டெஸ்ட் கேஸ் என்று கேட்டால், எத்தனை செஷன், எந்தெந்த ஸ்கிரீன், அதில் கிளையன்டுக்குப் போயிருந்தால் சம்பளமோ சரக்கோ நின்றிருக்கும் என்கிற பக் எவை என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். அப்படியும் எண்ணிக்கைதான் வேண்டும் என்று நின்றால் எழுதுங்கள், அந்தக் கம்பெனியைப் பற்றி அப்போது பேசுவோம்.

இந்த வாரம் முதல் செஷனுக்கு ரீ-டையிங் லாட்டை எடுங்கள், என் கணிப்பில் உங்கள் சாஃப்ட்வேர் அங்கேதான் பலவீனமாக இருக்கும். கிளையன்ட் பெயர், கம்பெனி பெயர் எல்லாம் அடித்துவிட்டு நோட்ஸை எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு அடுத்த சார்ட்டரைச் சேர்ந்தே எழுதலாம்.